எதிர்வீடு பக்கத்தில் வந்த பங்குனி

அந்தத் தெருவில் வீடுகள் நகரத் தொடங்கியது பங்குனிக் காப்புக் கட்டியதற்கு மறுநாள் காலையில் என்று சிலர் சொல்வார்கள், ஊரடங்கு அறிவித்ததற்கு மறுநாள் காலையில் என்று சிலர் சொல்வார்கள், இரண்டும் ஒரே காலைதான் என்பதால் இதில் சண்டைக்கு இடமே இல்லை என்றாலும் சண்டை போடுவார்கள், அங்கே இருந்தவன் என்பதால் என்னையும் சாட்சிக்கு இழுப்பார்கள், நான் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன்.

ஊர், பர்மாவின் கீழ்ப்பகுதியில், ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலைத் தேடுகிற சமவெளியில் இருக்கிறது. பெயரை எழுதவில்லை. அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் சென்னையில் ஒரு மண்டிக்காக உளுந்து பார்ப்பவன். மூட்டையைக் குத்தி, கையில் அள்ளி, ஊதி, பல்லில் கடித்துப் பார்த்து, ஈரம் எவ்வளவு, வண்டு எவ்வளவு என்று சொல்வது என் வேலை. அந்த வருஷம் நான் போய் இறங்கியபோது பட்டாளத்தார் ஆட்சியைப் பிடித்திருந்தார்கள், பெரிய நகரங்களில் துப்பாக்கிச் சூடு நடந்துகொண்டிருந்தது, தங்கும் விடுதிகளை மூடிவிட்டார்கள். அதனால் எங்களுக்கு உளுந்து வாங்கிக் கொடுக்கும் தரகர் மருதையா தன் வீட்டிலேயே என்னைத் தங்க வைத்தார். தேக்குப் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக, மரக்கால்களின் மேல் நிற்கிற வீடு. அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் அப்படிப்பட்ட வீடுகள்தான், தெருவின் கடைசியில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில்.

கோயிலில் காப்புக் கட்டுகிற நாள் அது. நம் பக்கத்து ஊர்களில் இருக்கிற அதே வழக்கத்தை அவர்கள் அங்கேயும் விடாமல் வைத்திருந்தார்கள்: அம்மனுக்குக் காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருக்கிறவர்கள் திருவிழா முடியும்வரை எல்லை தாண்டி இரவு தங்கக்கூடாது, தீச்சட்டி எடுக்கிறவன் கையில் மஞ்சள் நூல் கட்டிவிட்டால், சட்டி எடுத்து முடிக்காமல் அதை அவிழ்க்கக்கூடாது. வருஷா வருஷம் சட்டி எடுப்பவர் மருதையாவின் தம்பி. பட்டாளம் வந்த அந்த மாசி மாதம் அவர் காட்டுப் பக்கம் போய்விட்டார். அதற்குமேல் யாரும் விவரம் கேட்பதில்லை, சொல்வதுமில்லை. சட்டியை இந்த வருஷம் யார் எடுப்பது என்று பேசி முடிவாகாமலேயே பூசை தொடங்கிவிட்டது. பூசாரி அரியமுத்துவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மருதையாவின் இடப்பக்கம் நிற்பது அவர் தம்பிதான் என்று அவருக்கு இருபது வருஷப் பழக்கம். அந்தக் கூட்டத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நான் போய் நின்ற இடம் மருதையாவின் இடப்பக்கம்.

பூசாரி என் மணிக்கட்டைத் தடவி எடுத்து, மஞ்சள் கிழங்கு கோத்த நூலைச் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டுவிட்டார்.

"ஐயோ பூசாரி, அது உளுந்துக்காரர்!" என்றாள் மருதையாவின் மனைவி செண்பகம்.

மேளம் நின்றது. பூசாரி என் கையை விடாமல் முகத்துக்கு அருகில் கொண்டுபோய், மோந்து பார்ப்பவர் போலப் பார்த்தார். "ஆளு மாறியிருக்குன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா? சரி, கட்டியாச்சு. ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். தம்பிக்குப் பேரு என்ன?"

"ஞானசேகரன்."

"சேகரு, மீனு கறி தொடாதே. தலையில எண்ணெய் வைக்காதே. ஊரைத் தாண்டிப் படுக்காதே" என்று சொல்லிவிட்டு அடுத்த கையைத் தேடிப் போய்விட்டார். எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. என்னைச் சேகர் என்று யாரும் கூப்பிட்டுப் பல வருஷமாகியிருந்தது.

அன்று மாலை ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று பெரிய சாலையில் அறிவித்துக்கொண்டே போனது. இருட்டிய பிறகு யாரும் வெளியே வரக்கூடாது. பகலில் தெருவில் ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது. அந்த நாட்டில் வீட்டில் ஒரு இரவு யார் தங்கினாலும் வார்டு அலுவலகத்தில் விருந்தாளியாகப் பதிய வேண்டும் என்பது பழைய சட்டம். இப்போது வெளிநாட்டு விருந்தாளிகளைப் பதிவதில்லை என்றும், அவர்களை வைத்திருக்கும் வீட்டுக்காரரைச் சிறையில் போடுவோம் என்றும் புதுச் சட்டம் சொன்னார்கள். வண்டி போனபின் செண்பகம் எனக்குச் சோறு போட்டாள். மருதையா, "பாத்துக்கலாம் சார்" என்றார். பாத்துக்கலாம் என்று அவர் சொன்னபோது அவர் பார்த்தது என்னையல்ல, அவளை.

பகலில் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு கத்தரிக்கோல் போதும், நூலை வெட்டிவிட்டு நான் போயிருக்கலாம். நான் போனால் மருதையாவுக்கு ஆபத்தில்லை. இருந்தால் அவர் சிறைக்குப் போவார். இவ்வளவு தெளிவான கணக்கில் நான் ஏன் தடுமாறினேன் என்று இப்போதும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். பக்தி என்று சொன்னால் பொய். சென்னையில் மூன்றாவது மாடியில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது, எதிர்க்கதவில் இருப்பவரின் பெயர் எனக்குத் தெரியாது, நான் ஊருக்குப் போவதும் வருவதும் என் செருப்புக்கு மட்டுமே தெரியும். போகக்கூடாது என்று என்னிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. மறுநாள் காலை மருதையாவிடம் கிளம்புகிறேன் என்று சொல்வது என்றுதான் முடிவு செய்து படுத்தேன்.

மறுநாள் காலையில் வாசல் தெளிக்கப் போன செண்பகம் வாளியோடு திரும்பி வந்தாள்.

"ஏங்க, எதிர்வீடு கிட்ட வந்திருக்கு."

மருதையா பல் துலக்கிக்கொண்டிருந்தார். "எவ்வளவு?"

"ஒரு முழம் இருக்கும்."

"அவங்க வந்திருக்காங்களா, நாம போயிருக்கோமா?"

"ரெண்டுந்தான். கோலம் போட எடம் பத்தல."

நான் கிளம்புவதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். எல்லோரும் வாசலுக்குப் போய்விட்டார்கள், நானும் போனேன். இரண்டு வரிசை வீடுகளும் ஒரு தட்டு உருளாமல், ஒரு ஆணி பிடுங்காமல், தூங்குகிற பிள்ளை புரண்டு படுப்பதைப் போலத் தெருவை நோக்கி ஒரு முழம் நகர்ந்திருந்தன. யாரும் வாயில் கை வைக்கவில்லை. சாக்கடை எங்கே போயிற்று என்று ஒருவர் கேட்டார், வீட்டுக்கு அடியில்தான் ஓடுகிறது என்று இன்னொருவர் குனிந்து பார்த்துச் சொன்னார், அப்படியானால் இனி கொசு நேராக அடுப்படிக்கே வரும் என்று ஒரு பெண் கவலைப்பட்டாள், அன்றைய பேச்சு கொசுவைப் பற்றியே முடிந்தது. அதற்கடுத்த காலையில் இன்னொரு முழம். அதற்கடுத்த காலையிலும். மாட்டுவண்டி நுழைய முடியாமல் போனது, பிறகு சைக்கிளைத் திருப்ப முடியாமல் போனது, பிறகு பட்டாளத்து ஜீப் ஒன்று தெருமுனைவரை வந்து, மூக்கை நுழைத்துப் பார்த்து, பின்பக்கமாகவே திரும்பிப் போனது. காலையில் பிட்சைக்கு வருகிற புத்தத் துறவிகள் மட்டும் எப்போதும் ஒருவர் பின் ஒருவராகவே வருகிறவர்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

எதிர்வீடு தெய்வானையுடையது. தெய்வானையும் செண்பகமும் பேசிப் பல காலம் ஆகியிருந்தது. தெய்வானையின் மகள் கல்யாணத்தில் செண்பகத்தை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். வேண்டுமென்றுதான் என்றாள் இவள், இலை தீர்ந்துபோய்விட்டது என்றாள் அவள், அன்றோடு சரி. இப்போது வாசலே இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பாய் அகலம்தான். முதல் நாள் இவள் கோலம் அவள் கோலத்தின் மேல் ஏறிற்று. இரண்டாம் நாள் அவள் தண்ணீர் இவள் மாவைக் கரைத்தது. மூன்றாம் நாள் தெய்வானை வந்து, யாரையும் பார்க்காமல், புள்ளிகளை மட்டும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். செண்பகம் வெகுநேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து இழையைப் போட்டாள். அது முதல் தினமும் புள்ளி அவளுடையது, இழை இவளுடையது. பேச்சு மட்டும் இல்லை.

"ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து ஒரு கோலம் போட வீடு நகர வேண்டியிருக்கு பாருங்க சார்" என்றார் மருதையா. அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். தகரப் பெட்டி ஒன்றில் ஒரு கைலி, சோப்பு, இரத்த அழுத்த மாத்திரை எல்லாம் அவர் எடுத்து வைத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். சிறைக்குப் போகிறவர் எடுத்து வைக்கிற பெட்டி அது. நான் கத்தரிக்கோல் கேட்டேன். செண்பகம் தரவில்லை.

"அண்ணே, சட்டி எடுக்காம நூலை அறுத்தா நாங்க இந்தத் தெருவுல எப்படி இருக்கிறது?" என்றாள். அதுவரை அவள் என்னை சார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவரு தம்பிக்குப் பதிலாத்தான் ஆத்தா உங்களப் பிடிச்சு நிறுத்தியிருக்கா. அவன் எங்க இருக்கானோ. நீங்களாச்சும் இருங்க."

கடைசியில் ஒரு காலையில் வாசல் என்பதே இல்லை. இந்த வீட்டு முன்கூடமும் அந்த வீட்டு முன்கூடமும் ஒன்றோடொன்று வந்து சேர்ந்து, இரண்டு தகரக் கூரைகளும் நடுவில் தொட்டுக்கொண்டன. தெரு முழுக்க அப்படியே. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, அடுப்படி அடுப்படியாக, கோயில்வரை நடந்தே போகலாம். மழை வந்தால் ஒழுகுமே என்று சேர்ந்த இடத்தில் தார்ப்பாய் போட்டார்கள், யார் வீட்டுப் பூனை யார் வீட்டுப் பாலைக் குடித்தது என்று பஞ்சாயத்து வைத்தார்கள், தாயம் விளையாட்டு ஒன்று எட்டு வீடு தள்ளித் தொடங்கி எங்கள் கூடத்தில் முடிந்தது. என் பாயை இரண்டு கூடமும் சேர்கிற இடத்தில் விரித்திருந்தார்கள், காற்று அங்கேதான் வந்தது. ஒரு காதில் செண்பகம் தாளிக்கும் சத்தம், இன்னொரு காதில் தெய்வானை பல்லியை அதட்டும் சத்தம். வெளியே ஊர் பயந்துகொண்டிருக்க, நான் வாழ்நாளில் தூங்காத தூக்கம் தூங்கினேன். அடுத்தவர்களுடைய ஆபத்துக்கு நடுவில் கிடைக்கிற நிம்மதி என்ன மாதிரியான நிம்மதி என்று தினமும் விழித்ததும் யோசிப்பேன். யோசித்து முடிப்பதற்குள் காபி வந்துவிடும்.

வார்டு அதிகாரி கோ டின் வந்தது அப்படி ஒரு காபி நேரத்தில். பர்மாக்காரர், தெருமுனையில் பிறந்து வளர்ந்தவர், இந்தத் தெருப் பிள்ளைகளோடு கோலி ஆடித் தமிழ் கற்றவர். பெரிய சாலையை ஒட்டிய முதல் வீட்டில் நுழைந்து, வீடு வீடாக வந்திருந்தார். வருகிற வழியில் எல்லா வீட்டிலும் அம்மனுக்கு ஊற்றின கூழை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் குடித்து, எங்களிடம் வரும்போது ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். ஆனால் முகம் சரியாக இல்லை.

"மருதையா அண்ணே, உங்க வீட்டில வெளிநாட்டு ஆள் இருக்குன்னு மேல தெரிஞ்சு போச்சு. நாளைக்குப் பட்டாளம் வரும். நான் எழுதிக் குடுக்கணும். எழுதாட்டி என்னை எழுதுவாங்க."

மருதையா எழுந்து போய்த் தகரப் பெட்டியை எடுத்து வந்து வைத்தார். "நான் ரெடி, டின்னு. அவரை ஒண்ணும் பண்ணாதீங்க."

"எங்க படுக்கிறாரு?"

நான் என் பாயைக் காட்டினேன். கோ டின் அதைச் சுற்றி வந்தார். குனிந்து, பலகைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளி வழியாகக் கீழே பார்த்தார். கீழே தார் தெரிந்தது.

"இது ரோடு" என்றார். "ஊரடங்கில ரோட்டில படுத்தா பிடிக்கணும். ஆனா மேல கூரை இருக்கு. இதை நான் என்னன்னு எழுத?"

"பாதி பாய் எங்க பக்கம் இருக்கு" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. தெய்வானை கையில் அகப்பையோடு வந்து நின்றாள். பேசியது கோ டின்னிடம்தான், செண்பகத்தின் பக்கம் அவள் பார்க்கவில்லை. "தலை வைக்கிறது எங்க பக்கம். தலை எங்க இருக்கோ அங்கதானே ஆளு. எழுதிக்க, தெய்வானை வீட்டு விருந்தாளின்னு."

"அக்கா, ஜெயில் அக்கா!"

"ஜெயில்ல சோறு போடுவாங்கல்ல? முதல் பந்திதானே?"

செண்பகத்தின் கண் கலங்கிவிட்டது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. நான் நடுவில் புகுந்து, இன்றைக்கே கிளம்பிவிடுகிறேன், என்னால் யாரும் சிறைக்குப் போக வேண்டாம் என்றேன். என் குரல் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. பூசாரி அரியமுத்து சுவரைத் தடவிக்கொண்டே எட்டு அடுப்படி தாண்டி வந்து சேர்ந்திருந்தார்.

"டின்னு, உனக்கு அம்மை போட்டப்ப உங்கம்மா உன்னை எங்க கொண்டாந்து போட்டா?"

"கோயில்ல."

"கையில என்ன கட்டினேன்?"

கோ டின் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்.

"காப்புக் கட்டினவன் விருந்தாளியாடா? விருந்தாளின்னா நெனச்சப்ப வருவான், நெனச்சப்ப போவான். இவன் போக முடியாது. போக முடியாதவன் ஊர்க்காரன். ஊர்க்காரனை விருந்தாளிப் பதிவுல எழுதலாம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

கோ டின் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "என் சட்டத்தில இல்லே" என்றார். "பட்டாளத்து சட்டத்தில கேட்க மாட்டாங்க. நாளைக்கு வரும்போது நான் கூட வர மாட்டேன், வயித்து வலி. அவ்வளவுதான் என்னால முடியும்." போகும்போது என் தோளைத் தட்டி, "சட்டி கனமா இருக்கும், கையை நீட்டாதே, வயித்தோட சேர்த்துப் பிடி" என்றார்.

சட்டி எடுப்பதும் மறுநாள் பகலில்தான். வீதியில் ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது, ஆனால் வீதியே இல்லாததால் தெரு முழுவதும் வீட்டுக்குள் கூடியது. மர வீட்டுக்குள் தீயைக் கொண்டுபோவதா என்று பயந்தவர்கள் ஒவ்வொரு நிலைப்படியிலும் ஒரு அண்டா தண்ணீர் வைத்தார்கள். மேளக்காரர் தோலைத் தட்டாமல் விரலால் தடவி மட்டும் வாசித்தார். எனக்கு மஞ்சள் வேட்டி கட்டி, கைகளில் வேப்பிலை பரப்பி, அதன்மேல் எரிகிற சட்டியை வைத்தார்கள். சாம்பிராணிப் புகையில், இருபது அடுப்படிகளின் மணத்தில், ஒவ்வொரு வீட்டிலும் என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறவர்களின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு, நான் நடந்தேன். எங்கள் கூடத்துக்கு வந்தபோது வெளியே பெரிய சாலையில் வண்டிகள் நின்றன.

எல்லோரும் அப்படியே நின்றார்கள். பூட்ஸ் சத்தம் பலகைக்கு அந்தப்பக்கம் போயிற்று, வந்தது. முதல் வீட்டு வாசலும் அன்று காலையில் இல்லாமல் போயிருந்ததை அப்போதுதான் தெரிந்துகொண்டோம். தெரு தன்னை முழுசாக மூடிக்கொண்டுவிட்டது. வெளியே நின்றவர்களுக்கு ஒரு நீண்ட பலகைச் சுவர் மட்டும்தான். காகிதம் பிரிக்கிற சத்தம் கேட்டது. இங்கே ஒரு தெரு இருக்க வேண்டும் என்று ஒருவன் சொல்வதையும், எங்கே என்று இன்னொருவன் கத்துவதையும் மருதையா என் காதில் தமிழில் சொன்னார். கைக்குழந்தைகள்கூட அழவில்லை. என் கையில் சட்டி எரிந்தது. கீழே வைக்கக்கூடாது, வைத்தால் சத்தமும் கேட்கும். வேப்பிலை கருகிச் சூடு தோலுக்கு வந்தது. மருதையாவைச் சிறைக்குக் கொண்டுபோக வந்தவர்கள் ஒரு பலகை தூரத்தில் இருந்தார்கள், என் விரல் ஒன்று நழுவினால் போதும்.

அப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு கைகள் நீண்டன. இடப்பக்கம் செண்பகம், வலப்பக்கம் தெய்வானை. இருவரும் ஈர வேப்பிலையைப் பிடிபிடியாக என் கைக்கும் சட்டிக்கும் நடுவில் செருகி, கீழிருந்து தங்கள் கையையும் கொடுத்துத் தாங்கினார்கள். மூன்று பேராக அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வண்டிகள் உறுமி, திரும்பி, போயின. போன பிறகும் யாரும் அசையவில்லை.

"தெய்வானை, உன் வளையல் சுடும்டி" என்றாள் செண்பகம்.

"சுட்டா சுடட்டும். நீ ஒழுங்காப் பிடி" என்றாள் தெய்வானை.

யாரோ ஒரு பெண் மெல்லக் குலவை போட்டாள். பிறகு தெரு முழுவதும் போட்டது. மருதையா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மஞ்சள் நீராடி, என் நூலை அவிழ்த்து, கோயிலின் பின்வாசல் வழியாகப் போய் ஆற்றில் விட்ட மறுநாள் முதல் வீடுகள் தினம் ஒரு முழமாக விலகத் தொடங்கின. சாக்கடை வெளியே வந்தது, கொசு குறைந்தது என்று அதே பெண் சந்தோஷப்பட்டாள். பட்டாளம் வேறு ஏதோ ஊரைத் தேடிப் போயிருந்தது. கோ டின் வயிற்று வலி சரியாகி வந்து, இப்போது நான் விருந்தாளிதான் என்றும், எல்லைப் பக்கம் வாரக் கடைசியில் ஒரு பஸ் விடுகிறார்கள் என்றும், அதில் ஏறிவிட்டால் யாருக்கும் வில்லங்கம் இல்லை என்றும் சொன்னார். ஆனால் செண்பகமும் தெய்வானையும் பேசத் தொடங்கிவிட்டார்கள், பல வருஷத்துப் பாக்கிப் பேச்சு, வீடு விலகுகிறதே என்பதற்காக அதை நிறுத்த முடியுமா. முதல் நாள் சன்னலுக்குச் சன்னல் மெதுவாகப் பேசினார்கள், அடுத்த நாள் கொஞ்சம் குரலை உயர்த்தினார்கள், தெரு பழைய அகலத்துக்கு வந்தபோது தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள், வழியே போன பட்டாளத்துச் சிப்பாய் ஒருவன் ஏதோ பெரிய சண்டை என்று பயந்து ஒதுங்கிப் போனான்.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் தெருவின் நடுவில், தாரின் மேல், வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏ செண்பகம்! சேகர் அண்ணனுக்கு இன்னைக்குச் சோறு உன் வீட்டுலயா என் வீட்டுலயா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள் தெய்வானை.

"அவர்கிட்டயே கேளு! நடுரோட்டுலதானே நிக்கிறாரு!" என்று இந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள் செண்பகம்.

சென்னையில் என் வீட்டில் நான் குரலை உயர்த்தியதே இல்லை, உயர்த்துவதற்கு அங்கே யாரும் இல்லை. அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தேன்.

"ரெண்டு வீட்லயும்!" என்று கத்தினேன். தெருக்கோடிவரை கேட்டது.